எதிர்க்கட்சி வீட்டில் இரண்டு அடுப்பு

“ஒரே ஒரு நிபந்தனை,” என்றான் அவன்.

“சமைக்கத் தெரிஞ்சிருக்கணும்னு சொன்னா இப்பவே எந்திரிச்சுப் போயிடுவேன்.”

“சமையல் எனக்கே தெரியும். இது வேற. நான் நிதித்துறையில இருக்கேன். நீ எங்களைத் திட்டறதுக்குன்னே ஆரம்பிச்ச இடத்துல இருக்க. வீட்டுக்குள்ள வந்துட்டா என் ஆபீஸ் விஷயத்தை நீ கேக்கக்கூடாது, உன் ஆபீஸ் விஷயத்தை நான் கேக்கமாட்டேன். அங்க நடக்கறது இங்க வரக்கூடாது. இங்க நடக்கறது அங்க போகக்கூடாது.”

“எதுவுமே கேக்கக்கூடாதா?”

“எதுவுமே.”

“சின்னதா ஒரு உதவி?”

“அதுதான் முதல்ல கூடாது.”

கல்யாணத்துக்கு முன்னால், நூலகத்துக் காபிக் கடையில் நடந்த பேச்சு இது. அவள் சரியென்று தலையாட்டிவிட்டாள். ஆனால் அன்றைக்கு அவள் அங்கே போனதே அவனிடம் ஒன்று கேட்கத்தான். நிதித்துறையை விட்டுவிட்டு வறுமைக் கொள்கை ஆய்வு மையத்தில், அதாவது அவள் வேலை பார்த்த இடத்தில், வந்து சேர முடியுமா என்று.

அதற்கு முந்தின வாரம் ஒரு பொதுக்கூட்டத்தில் அவளுடைய முதல் அறிக்கையை வெளியிட்டிருந்தார்கள். கூட்டம் கைதட்டிக்கொண்டே இருந்தது. அவன் மட்டும் பின்வரிசையிலிருந்து எழுந்து, கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பில் இருந்த ஒரு பிழையைப் பணிவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவளுக்கு முகம் சிவந்துபோனது. பாதி கோபம். மீதிப் பாதிக்குக் கல்யாணம்தான் மருந்து என்று பின்னால் புரிந்தது. படிக்காமல் கைதட்ட எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். அடிக்குறிப்பு வரைக்கும் படித்துவிட்டுக் குறை சொல்ல ஒருத்தன் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா?

நிபந்தனையைக் கேட்டதும் அந்த வேண்டுகோளைக் காபியோடு சேர்த்து விழுங்கினாள். அது ஜீரணமாகவே இல்லை.

இப்போது அந்த மையத்துக்கு அவள்தான் இயக்குநர். இயக்குநர் என்றதும் கண்ணாடி அறை, சுழல் நாற்காலி என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கு மேல்மாடியில் மூன்று அறைகள். “ரிவர்ஸ்! ரிவர்ஸ் எடுன்னா முன்னாடி போறியே!” என்று கீழே ஒருவர் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பார். மேலே அவர்கள் நாட்டின் கொள்கையைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். இரண்டு வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பான் கமா.

கமா என்பது மையத்தின் அறிக்கைகளைச் செப்பனிடுகிறவனுக்கு வைத்த பெயர். எங்கே மூச்சு வாங்கினாலும் ஒரு காற்புள்ளி போட்டுவிடுவான். வரைபடங்கள் போடுகிற பெண்ணுக்கு வண்ணம் என்று பெயர். வறுமை அதிகமுள்ள இடத்துக்குச் சிவப்புப் போடச் சொன்னால், “பாவம் மேடம், ஏற்கெனவே ஏழைங்க, அவங்களுக்காவது நல்ல கலரா கொடுப்போமே,” என்று சண்டைக்கு வருகிறவள். மையத்துக்கு ஒருநாளும் வராத அவளுடைய கணவனுக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு. எதிர்க்கட்சி.

வெளியே போகும் எந்த அறிக்கைக்கும் முன்னதாக மையத்தில் கல்லெறிக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். ஒருவர் நிதித்துறையாக மாறி உட்காருவார். மற்றவர்கள் எழுதியதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுக் கல்லெறிவதுதான் அவர் வேலை. அந்த நாற்காலியில் எப்போதும் அவளே உட்காருவாள். நிதித்துறையிலிருந்து வரும் பதில்களில் கையெழுத்து இருக்காது. ஆனாலும் ‘மையத்தின் அக்கறையை மதிக்கிறோம், எனினும்’ என்று தொடங்கும் வாக்கியத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். ‘எனினும்’ வந்துவிட்டால் எழுதியது தன் வீட்டு மனுஷன்.

“மேடம், வீட்டுல சண்டை வந்தாலும் எனினும்தானா?” என்று ஒருமுறை வண்ணம் கேட்டாள்.

“வீட்டுல அவ்வளவு மரியாதை கிடையாது. நேரா ‘இல்ல’தான்.”

மையம் இத்தனை வருஷத்தில் எத்தனையோ யோசனைகள் எழுதி அனுப்பியிருக்கிறது. அரசாங்கம் ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான். ஓர் அடுப்பு, ஒரு குடும்பம். அதற்கு முன்னால் வாசற்கதவைக் கணக்குப் பார்த்துத்தான் குடும்பத்தை எண்ணினார்கள். ஒரே கதவுக்குள் வீட்டுக்காரனும் இருப்பான், அவனிடம் குடியிருக்கும் கூலிக்காரனும் இருப்பான். இரண்டு பேர் வருமானத்தையும் சேர்த்துக் கூலிக்காரனையும் வசதியானவன் ஆக்கிவிடுவார்கள். கதவை எண்ணாதே, அடுப்பை எண்ணு என்று எழுதியது அவள்தான். அதைப் பற்றி வந்த செய்தித்தாள் துண்டு மையத்தின் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. இப்போது ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்க ஒரு மசோதா வந்திருந்தது. அதிலும் அதே அடுப்புக் கணக்கு. மசோதா சட்டமாகிவிட்டால் இனிப் பல வருஷங்களுக்கு யார் ஏழை என்பதை அந்த அடுப்புதான் முடிவு செய்யும்.

அந்த நல்ல நேரத்தில்தான் அவளுடைய மாமியார் ஏழையானார்.

மாமியார் மாடியில் தனிக்குடித்தனம் போய்க் கொஞ்ச காலமாகிறது. காரணம் உப்பு. கணவனுக்கு ரத்த அழுத்தம் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து அவள் உப்பைக் குறைத்தாள். “நோய் அவனுக்கு. தண்டனை எனக்கா?” என்று மாமியார் ஓர் அடுப்பை வாங்கி மாடியில் வைத்துக்கொண்டார். சண்டை சச்சரவெல்லாம் இல்லை. மாலையில் கீழே வந்து தொலைக்காட்சி பார்ப்பார், மருமகளுக்குத் தலை வாரிவிடுவார், ஊர்க்கதை பேசுவார், சாப்பாட்டு நேரத்துக்கு மாடி ஏறிவிடுவார்.

மசோதாவுக்கு முன்னோட்டமாகச் சில தெருக்களில் கணக்கெடுப்பு நடந்தது. வீட்டுக்கு வந்த பெண் மாடிக்கும் ஏறியிருக்கிறாள். தனி அடுப்பா? தனிதான். சொந்த வருமானம்? சல்லிக்காசு கிடையாது. மாமியார் பொய்யே சொல்லவில்லை. சில நாளில் அவருடைய கைபேசிக்குச் செய்தி வந்துவிட்டது. உங்கள் குடும்பம் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றுள்ளது.

ஏழைகள் சம்பந்தப்பட்ட எதற்கும் மருமகளின் ஆபீஸ்தான் என்று மாமியாருக்கு எண்ணம். நேராக மையத்துக்கு அடித்தார். எடுத்தது கமா.

“தம்பி, என்னை ஏழைன்னு சொல்லிட்டாங்க. பணத்தை எங்க வந்து வாங்கிக்கணும்?”

கமா வாயைப் பொத்திக்கொண்டு தொலைபேசியை அவளிடம் நீட்டினான். அவளும் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நிதித்துறை அதிகாரியின் தாயார், வறுமை மையத்து இயக்குநரின் மாமியார், அரசாங்க முத்திரை குத்திய ஏழை! அப்புறம் அவள் சிரிப்பு சட்டென்று நின்றுபோனது.

ஓர் அடுப்பைக் கூட்டினால் ஏழை ஆகலாம் என்றால், ஓர் அடுப்பைக் குறைத்தால்?

பையை எடுத்துக்கொண்டு, வண்ணத்தையும் கூட்டிக்கொண்டு பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலுள்ள அடுக்குக் குடியிருப்புக்குப் போனாள். கணக்கெடுப்பில் ‘வசதி’ என்று குறித்திருந்த ஒரு கதவைத் தட்டினாள். உள்ளே துணி தைக்கும் ஒருத்தி, அவளுடைய தங்கை குடும்பம், இரண்டு பேருக்கும் உறவே இல்லாத, கணவனை இழந்த ஒருத்தியும் அவள் பிள்ளைகளும். மூன்று குடும்பத்துக்கும் ஓர் அடுப்பு.

“விறகும் கேஸும் விக்கற விலைக்கு ஆளுக்கு ஒரு அடுப்பா?” என்றாள் தையல்காரி. “கூட்டா சமைச்சுக்குவோம், தனித்தனியா சண்டை போட்டுக்குவோம்.”

மூன்று பேரின் கூலியையும் சேர்த்து ஒரே குடும்பமாக எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். உதவி இல்லை. அடுத்த கதவிலும் அதே கதை. அதற்கடுத்த கதவிலும். வறுமை எவ்வளவுக்கு அதிகமோ அவ்வளவுக்கு அடுப்பு குறைவு. நொடித்துப்போனவர்கள் ஒன்றாய்ச் சேர்ந்து சமைக்கிறார்கள் என்ற சாதாரண விஷயம், உட்கார்ந்த இடத்திலிருந்து விதி எழுதிய அவளுக்குத் தோன்றாமல் போயிருந்தது.

வண்ணம் வரைபடத்தைத் திரும்பப் போட்டாள். பச்சையாக இருந்த தெருக்களெல்லாம் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அன்றைக்கு அவள் கலரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

“மேடம், இதை நாம போய்ச் சொன்னா நம்ம ஒரே மெடலை நாமளே கழட்டிக் குப்பையில போட்ட மாதிரி,” என்றான் கமா. “அப்புறம் நம்மளை எவன் நம்புவான்?”

“சொல்லாம இருந்தா நானே என்னை நம்ப மாட்டேன்.”

அடுப்புக்குப் பதிலாக என்ன? வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் ரொம்ப எளிமையான ஒன்று வந்து நின்றது. வளர்ந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வி: ‘உங்க சம்பாத்தியத்துல யாரையெல்லாம் தாங்கறீங்க, உங்களை யார் தாங்கறாங்க?’ ஒருவரையொருவர் தாங்குகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரே சட்டியில் சமைத்தாலும் சரி, மாடியில் தனியாகச் சமைத்தாலும் சரி.

கல்லெறிக் கூட்டத்தில் அவள் நிதித்துறை நாற்காலியில் உட்கார்ந்து, தன் யோசனைமேல் தானே கல்லெறிந்தாள். “மையத்தின் அக்கறையை மதிக்கிறோம், எனினும், வசதியான ஒருவர் இந்த அடுப்பு விதியால் ஏழையானதாக ஒரே ஓர் உதாரணமாவது உண்டா?”

 எல்லாருடைய பார்வையும் ஒரே திசையில், தொலைபேசியின் பக்கம், போயிற்று.

“மேடம்,” என்றான் கமா மெதுவாக, “உங்க மாமியார் கதைய மட்டும் அந்தக் குழு முன்னாடி சொல்லிட்டீங்கன்னா, ஒரே நிமிஷம். எதிர்க்கட்சி காலி.”

“முடியாது.”

“ஏன் மேடம்?”

“வீட்டுல நடக்கறது வெளிய வராதுன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். வேற உதாரணம் தேடுங்க.”

தேடினார்கள். வசதியுள்ளவர்களில் யார் தன் வீட்டு விவகாரத்தை வந்து சொல்லுவார்? ஒருவரும் அகப்படவில்லை.

வீட்டிலும் இதைப் பற்றிப் பேச வழியில்லை. செய்தி வந்த அன்றே மாமியார் மாடிப்படியில் நின்று, “டேய், உங்கம்மா இனிமே அரசாங்கத்துப் பிள்ளை. உன் தயவு எனக்கு வேண்டாம்,” என்று அறிவித்திருந்தார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அவன் மனசு அதே கணக்கைப் போடுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன யோசிக்கிறான் என்று கேட்டுவிடலாமா என அவளுக்கு நாக்கின் நுனிவரை வந்தது. அவன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுக்களையைத் துடைத்தாள். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் மழையைப் பற்றியும் குழாய் ஒழுகுவதைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள்.

மசோதாவை ஆராயும் குழு கூடிய கூடம் ரொம்ப உயரம். அங்கே பேசினால் குரல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வந்து சேரும். குழுவின் தலைவி வாயில் இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டே, “சுருக்கமா,” என்று எல்லாரையும் வெட்டுகிறவர். ஒரு பக்கம் நிதித்துறை. அதன் செயலாளர், அவருக்குப் பக்கத்தில் அவன். எதிர்ப்பக்கம் அவள், பின்னால் கமாவும் வண்ணமும்.

“ரெண்டு தரப்புலயும் கணவன் மனைவி இருக்கீங்கன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. தெரியும். ஆரம்பிங்க,” என்றார் தலைவி.

அவள் ஆரம்பித்தாள். தையல்காரியின் அடுப்பைச் சொன்னாள். சிவந்த தெருக்களைக் காட்டினாள். அந்த விதியை எழுதியது தானே என்றும், அது தவறு என்றும் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது.

செயலாளர் எழுந்தார். இனிமையான குரல். “தலைவரவர்களே, இது அவங்களே பெத்த பிள்ளை. இப்ப அவங்களே வேண்டாம்ங்கறாங்க. நாளைக்கு இன்னொன்னு சொல்லுவாங்க. நாங்க எதை நம்பறது?”

“பிள்ளை வளர்ந்துட்டா சட்டையை மாத்தறோம் சார்,” என்றாள் அவள். “யாரும் பிள்ளையை மாத்தறதில்ல. எங்க பிள்ளை ஏழைங்க. அடுப்பு வெறும் சட்டை.”

தலைவியின் கன்னத்தில் மிட்டாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிற்று. அது நல்ல அறிகுறி என்று கமா பின்னால் சொன்னான்.

செயலாளர் விடவில்லை. “இல்லாதவங்க கூட்டாச் சமைக்கறாங்க, சரி. ஆனா இந்த விதியால வசதியானவங்க யாரும் உள்ள நுழைஞ்சதில்ல. அரசாங்கப் பணம் பத்திரமா இருக்கு. அதான் எங்களுக்கு முக்கியம்.”

தலைவி அவள் பக்கம் திரும்பினார். “நியாயமான கேள்வி. வசதியுள்ள ஒருத்தர் இந்த விதியால ஏழைன்னு ஆன உதாரணம் உங்ககிட்ட இருக்கா? ஒண்ணே ஒண்ணு போதும்.”

வண்ணத்தின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. ஒரே வார்த்தை. எத்தனை ஆயிரம் கதவுகள் அந்த வார்த்தைக்குப் பின்னால் நின்றன! தையல்காரியின் முகம் வந்தது. நூலகத்துக் காபிக் கடையும் வந்தது. வாக்கை மீறி ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பது? மீறாமல் தோற்றுவிட்டு அந்தக் குடியிருப்புக்கு எந்த முகத்தோடு போவது?

“இருக்கு,” என்றாள். “ஆனா அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல.”

கூடத்தில் சலசலப்பு. செயலாளர் புன்னகையோடு உட்கார்ந்தார். கமா தலையில் கை வைத்துக்கொண்டான்.

“உரிமை எனக்கு இருக்கு.”

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த குரல். அவன் எழுந்து நின்றான். செயலாளர் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

“அரசாங்கப் பணம் பத்திரமா இருக்கான்னு கேட்டீங்க. எங்க துறையில இருந்துக்கிட்டு நான் தெரிஞ்சே பொய்க்குத் துணை போகக்கூடாது. வசதியுள்ள ஒருத்தரை இந்த விதி ஏழைன்னு சொல்லியிருக்கு. அவங்க எங்கம்மா.”

 கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

“உங்கம்மா எதுக்குத் தனி அடுப்பு வச்சாங்க?” என்றார் தலைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“உப்புப் பத்தலைன்னு, தலைவரே.”

“உங்களை விட்டுட்டா போனாங்க?”

“மாடிக்கு மட்டும்தான் போனாங்க. இன்னிக்கும் அவங்க மருந்து நான்தான் வாங்கறேன். அவங்க என் குடும்பம். விதி இல்லைன்னு சொல்லுது. பணிமனைக்குப் பின்னாடி மூணு குடும்பத்தை ஒண்ணுன்னு சொல்லுது. ரெண்டு பக்கமும் தப்பா அடிக்கற தராசை வச்சுக்கிட்டு, பத்திரமா இருக்குன்னு எப்படிச் சொல்றது? யாரை யார் தாங்கறாங்கன்னு கேக்கச் சொல்ற இவங்க யோசனைய நான் கடைசி அடிக்குறிப்பு வரைக்கும் படிச்சேன்.” அவன் முதல்முறையாக அவளைப் பார்த்தான். “குறை சொல்ல ஒண்ணும் இல்ல.”

‘எனினும்’ வரும் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவேயில்லை.

தலைவி மிட்டாயைக் கடித்து முழுங்கினார். தனியாக ஆலோசிக்கக் குழு வெளியே கூடப் போகவில்லை. புது யோசனையை ஏற்கிறவர்களை அங்கேயே கையுயர்த்தச் சொன்னார். ஒரே ஒரு கை இறங்கியிருந்தது. அதுவும் தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினருடையது என்று கமா இன்றைக்கும் அடித்துச் சொல்லுவான். அடுப்பு மசோதாவிலிருந்து போயிற்று. யாரை யார் தாங்குகிறார்கள் என்ற கேள்வி உள்ளே வந்து உட்கார்ந்தது.

வெளியே படிக்கட்டில் வண்ணம் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள். கமா யாரையோ தொலைபேசியில் கூப்பிட்டு, காற்புள்ளியே இல்லாமல் ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருந்தான். கார் பள்ளிக்காரருக்குக்கூடச் செய்தி போய்விட்டது. அத்தனை கார்களையும் ஒன்றாக ஹாரன் அடிக்கச் சொல்லிக் கைபேசியில் கேட்கவைத்தார். அந்தக் குடியிருப்புக்கு யார் போய்ச் சொல்லுவது என்று கமாவும் வண்ணமும் சண்டை போட்டுக்கொண்டு, கடைசியில் இரண்டு பேருமே ஓடினார்கள்.

அவளுடைய கைபேசி அடித்தது. மாமியார்.

“என்னம்மா, கூட்டத்துல என் மானத்தை வாங்கிட்டானாமே உன் புருஷன்?”

“உங்களாலதான் அத்தை ஜெயிச்சோம்.”

“ஜெயிச்சது இருக்கட்டும். அப்ப எனக்குப் பணம் வராதா?”

“வராது அத்தை.”

“உங்க ரெண்டு பேரையும் படிக்க வச்சதே தப்பு,” என்றார் மாமியார். குரலில் சிரிப்பு வழிந்தது. “சரி, சீக்கிரம் வாங்க. இன்னிக்கு ரெண்டு அடுப்பையும் நானே பத்த வைக்கறேன். ஆனா என் பங்குக்கு உப்பு நான்தான் போடுவேன்.”

அவன் கடைசியாக வெளியே வந்தான். கோப்புப் பை தோளில், கழுத்துப் பட்டி தளர்ந்து. செயலாளர் அவனைக் கடந்து, பார்க்காததுபோல, காரில் ஏறிப் போனார்.

“வேலைக்கு ஆபத்தா?” என்று கேட்டுவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ, ஆபீஸ் விஷயம். கேக்கக்கூடாது.”

“திட்டு விழும். வேலை போகாது. உண்மையைச் சொன்னதுக்கு வேலையை விட்டு எடுத்தாங்கன்னு வெளிய தெரிஞ்சா அவங்களுக்குத்தான் அசிங்கம்.” அவன் சிரித்தான். “வீட்டு விஷயத்தை வெளிய கொண்டுவந்தது நான். நிபந்தனையை உடைச்சதும் நான். அபராதம் என்னன்னு நீயே சொல்லு.”

வெயில் சாய்ந்து, அலுவலகம் விட்ட கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தது.   இப்போது இரக்கப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை, வேலை போய்விட்டதே என்று கூப்பிட வேண்டியதில்லை. ஜெயித்த கையோடு, நிமிர்ந்து நின்று கேட்கலாம். இத்தனை வருஷமாக அவள் காத்திருந்தது இதற்குத்தானோ?

“அபராதம் வேண்டாம்,” என்றாள். “ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கேன்.”

“எவ்வளவு நாளா?”

“நீங்க நிபந்தனை போடறதுக்கு முன்னாடியிலருந்து.”

அவன் நடப்பதை நிறுத்தினான். “கேளு.”

அவள் அவன் தோளிலிருந்து அந்தக் கோப்புப் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எங்ககிட்ட வேலைக்கு வந்துருங்க. அந்தப் பக்கம் உக்காந்து எங்களைத் திருத்தினது போதும். இனிமே எங்க பக்கத்துல உக்காந்து திருத்துங்க.”